கறி, மீனை விட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கறியும் மீனும் உண்பதை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு, மற்ற நாளில் கருவாடாவது வேண்டும் என்கிற வீட்டில் வளர்ந்தவன். விட்ட நாளிலிருந்து உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றையெல்லாம் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். சத்து அளவுகள் பற்றிச் சொல்லும் இடங்களில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைகளையே பின்பற்றுகிறேன்.

நீங்கள் ஏன் விட்டீர்கள்?

அந்த ஆண்டு புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிறு. காலை ஆறரை மணிக்கே கறிக்கடையில் கூட்டம். வயர் கூடைக்குள் தூக்குச்சட்டியோடு நானும் வரிசையில் நின்றேன். கடையோரம் கட்டியிருந்த ஆடு ஒன்று, எனக்கு முன்னால் நின்றவரின் கூடையிலிருந்து தொங்கிய கொத்தமல்லிக் கட்டைக் கழுத்தை நீட்டி நீட்டித் தின்றுகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. அந்தக் கொத்தமல்லி, கறிக்குழம்பில் தூவ வாங்கியது.

அதைப் பார்த்த பிறகு என்னால் நிற்க முடியவில்லை. எதிரே இருந்த காய்க்கடையில் வாழைப்பூ ஒன்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கடைக்காரர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. இருபது ஆண்டுகள் அவரிடம் வாங்கியவன் நான். தின்பதற்காக உலகம் கொல்லவில்லை என்றால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்க மாட்டார் என்கிறது 256ஆம் குறள். விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவனைப் பார்த்துப் பேசுகிற குறள் அது. அந்த வாங்கியவன் நான்தான் என்று பட்டது.

ஒரே நாளில் விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

எப்படி விட்டாலும் சரி. ஆனால் நம்மில் பலர் நினைப்பதைவிட அதிக நாள் ஏற்கெனவே மரக்கறி உண்பவர்களாகத்தான் இருக்கிறோம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம், மாலை போட்டால் மண்டல விரதம் என்று கூட்டிப் பார்த்தால் பல வீடுகளில் ஆண்டுக்கு நூறு நாளைத் தாண்டிவிடும். எனவே பழக்கம் புதிதன்று.

புதிது வேறொன்று. விரத நாள் சமையல் சமாளிப்புச் சமையல். ஒரு ரசம், ஒரு உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். இன்னும் சில நாள்தானே என்று ஓட்டிவிடுகிறோம். அதே சமாளிப்பை ஆண்டு முழுக்க நீட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும்: நாக்கு வெறுத்துப் போய்க் கறிக்குத் திரும்புவீர்கள், அல்லது உடம்பு தளர்ந்து மருத்துவர் சொல்லித் திரும்புவீர்கள். கறி இருந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. அதைச் சமையலறையில் நிரப்பத் தெரிந்துகொண்ட பிறகு விடுங்கள். மூன்று மாதம் தள்ளிப்போனால் குற்றமில்லை.

புரதத்துக்கு என்ன செய்வது? சாம்பார்தான் தினமும் சாப்பிடுகிறோமே?

அந்தச் சாம்பாரில்தான் ஏமாந்துபோகிறோம். நால்வர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போடுவார்கள். ஏறக்குறைய 50 கிராம். ஆளுக்குப் பன்னிரண்டு கிராம் பருப்பு. அதில் கிடைக்கும் புரதம் மூன்று கிராமுக்கும் குறைவு. 100 கிராம் ஆட்டுக்கறியில் இருபது கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பாரை வைப்பது கணக்குக்கு ஒத்துவராது.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பெரியவர்களுக்கான பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம். இதை அடைவது கடினமன்று, ஆனால் தானாக நடந்துவிடாது. எங்கள் வீட்டில் ஒரு நாள் இப்படிப் போகும்: காலையில் நான்கு இட்லியோடு கெட்டிச் சாம்பார். பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் சோற்றோடு கடைந்த பருப்பு, கடைசியில் ஒரு கிண்ணம் தயிர். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு சப்பாத்திக்குப் பாசிப்பயறு. கூட்டினால் அறுபது கிராமைத் தொடும்.

பருப்பில் இருக்கும் புரதம் முழுமையானது அன்று என்று சிலர் பயமுறுத்துவார்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றில் குறைவது மற்றொன்றில் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல் என்று நம் முன்னோர் இதை அடுப்பிலேயே தீர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே வேளையில் இரண்டும் சேர வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

கறியின் ருசி நினைவுக்கு வந்துகொண்டே இருக்குமே?

வரும். முதல் ஆறு மாதம் பக்கத்து வீட்டில் வறுக்கும் வாசனை என்னை உலுக்கியது. அதை அடக்கப் பார்க்காமல் ஆராய்ந்து பார்த்தேன். எனக்கு ஏக்கமாக இருந்தது பெரும்பாலும் மசாலாவின் மேல்தான். மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி, நல்லெண்ணெயில் சிவக்க வதங்கிய சின்ன வெங்காயம். இவற்றில் எதுவும் ஆட்டிலிருந்து வருவதில்லை. விரத நாள் சமையலில் இவற்றையும் சேர்த்தே தள்ளி வைத்துவிடுகிறோம்.

மீல்மேக்கர் சுக்காவை நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். பலர் மீல்மேக்கரை வெறுப்பதற்குக் காரணம் அதன் பச்சை வாடை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசி அலசிப் பிழிய வேண்டும். பிழியும் தண்ணீர் முதலில் கலங்கலாக வரும். தெளிவாக வரும்வரை விடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிள்ளி, கெட்டித் தயிர், மஞ்சள், மிளகாய்த்தூள் பிசிறி அரை மணி நேரம் வைக்கவும். இரும்பு வாணலியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் முதலில் கல்பாசி. அது எண்ணெயில் பொரிந்தால்தான் மணம் விடும், குழம்பில் பிறகு போட்டால் மரப்பட்டை மாதிரி கிடக்கும். அடுத்து பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, இருபது சின்ன வெங்காயம். வெங்காயம் சிவந்த பிறகு மீல்மேக்கரைக் கொட்டி, சிறு தீயில் ஓரங்கள் கருகத் தொடங்கும்வரை பிரட்டி, வறுத்துப் பொடித்த மிளகைக் கடைசியில் தூவி இறக்கவும். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளித்தால் எல்லாம் கெட்டது. காய்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் ஐம்பது கிராமுக்கும் மேல் புரதம் இருக்கிறது என்பதும் கூடுதல் லாபம்.

மீன்குழம்புக்கு ஏங்குபவர்கள் அதே புளி, அதே வெந்தயம், அதே மண்சட்டியில் சேனைக்கிழங்கைத் துண்டம் போட்டு வைத்து, மறுநாள் காலையில் சாப்பிட்டுப் பாருங்கள்.

பி12 குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வைட்டமின் பி12 செடிகொடிகளில் நம்பத்தக்க அளவில் இல்லை. கறி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது. நாளொன்றுக்குத் தேவை வெறும் 2.2 மைக்ரோகிராம்தான், ஆனால் அது கிடைத்தே ஆக வேண்டும். நம் கல்லீரல் அதைச் சேமித்து வைத்திருப்பதால், விட்டவுடன் எதுவும் தெரியாது. குறைபாடு வெளியே தெரிய ஓரிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். எனக்கு மூன்றாம் ஆண்டில் தெரிந்தது. இரவில் இரண்டு பாதங்களிலும் ஊசி குத்துவது போல இருந்தது. செருப்பு சரியில்லை என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் காரணம் தெரிந்தது. நான் குடித்த பால் காப்பிக்கு ஊற்றியது மட்டும்தான்; அது போதவில்லை. ஊசி போட்டு, பிறகு மாத்திரை எடுத்துச் சரியாயிற்று. ஆனால் கால் விரல்களில் மதமதப்பு முழுதாகப் போக ஓர் ஆண்டு ஆயிற்று.

கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் உள்ள ஃபோலேட் சத்து, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம். ரத்தம் நன்றாக இருப்பதாகத் தெரியும். நரம்பு உள்ளே பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு, கறி சாப்பிட்டாலும்கூட பி12 குறையக்கூடும். அவர்கள் மரக்கறிக்கு மாறும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பழைய சோற்றில் இருக்கிறது, புளித்த மாவில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். மாறுவதற்கு முன் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தத்தில் அளவு பாருங்கள். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை எடுப்பது தோல்வியன்று.

இரும்புச்சத்து? ஈரல் சாப்பிடச் சொல்லித்தானே டாக்டர்கள் சொல்கிறார்கள்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கறி உண்பவர்கள். ஆகவே கறி உண்டால் ரத்தசோகை வராது என்பதும் சரியன்று. ஆனால் கீரை, பயறுகளில் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவது கறியில் உள்ளதைவிடக் குறைவு என்பது உண்மைதான்.

செய்ய வேண்டியவை எளியவை. முருங்கைக்கீரைப் பொரியலின் மேல், சுண்டலின் மேல் எலுமிச்சை பிழியுங்கள். நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சாப்பிடுங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். பயறை ஊறவைத்து முளைகட்டினால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். நம் வீடுகளில் இதைச் சொல்லித் திருத்துவதுதான் மிகக் கடினம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் உணவை மட்டும் நம்பாமல் மருந்து எடுக்க வேண்டும்.

மீன் எண்ணெய்க்கு மாற்று உண்டா?

ஆளி விதையிலும் வால்நட்டிலும் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஒரு கொழுப்பு இருக்கிறது. உடல் அதில் சிறு பகுதியைத்தான் மீனில் உள்ள வடிவமாக மாற்றிக்கொள்ளும். ஆளி விதையை முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். வறுத்துப் பொடித்து, இட்லிப்பொடியோடு சேருங்கள். கடற்பாசியிலிருந்து எடுத்த மாத்திரைகளும் கிடைக்கின்றன. முள்ளோடு மென்று தின்ற நெத்திலி தந்த சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு உண்டு.

முட்டை, பால்?

முட்டையை வைத்துக்கொள்வதா என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. இந்தியச் சட்டப்படி முட்டை சேர்ந்த பொருளுக்கு அசைவக் குறிதான் போடுவார்கள். சத்து நோக்கில் பார்த்தால், முதல் ஓர் ஆண்டு முட்டையைக் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதமும் கொஞ்சம் பி12உம் கிடைக்கும்.

பாலைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பசு கன்று ஈன்றால்தான் பால். காளைக் கன்றுக்கு இன்று உழவிலும் வண்டியிலும் வேலை குறைந்துவிட்டது. பல கன்றுகள் கடைசியில் போகும் இடம் இறைச்சிக்கூடம்தான். உயிர்க்கொலைக்காகக் கறியை விட்டேன், பாலில் அந்தப் பேச்சே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் இன்னும் தயிர் உண்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் முடிவு இல்லை. பாலையும் விடுபவர்கள் பி12 மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மாற்றலாமா?

திட்டமிட்டுச் செய்தால் முடியும். ஆனால் உங்கள் உறுதிமொழியைக் குழந்தையின் தட்டில் திணிக்காதீர்கள். வளரும் குழந்தைக்கு வயிறு சிறியது. சோறும் காயும் மட்டுமே நிரம்பினால் புரதமும் கொழுப்பும் உள்ளே போக இடம் இருக்காது. தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் பள்ளியில் முட்டை கொடுக்கிறார்கள். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைக்கும். அந்த இரண்டும் ஈடு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். என் பிள்ளைகள் முட்டையும் மீனும் சாப்பிடுகிறார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் விட வேண்டாம்.

எடை குறையுமா? சர்க்கரை குறையுமா?

தானாகக் குறையாது. எனக்கு முதல் ஆண்டில் நான்கு கிலோ கூடியது. கறி போன இடத்தில் சோறும் பஜ்ஜியும் வந்து உட்கார்ந்ததே காரணம். சர்க்கரை உள்ளவர்கள் மாறினால் சோற்றைக் கூட்டாமல் பயறையும் காயையும் கூட்ட வேண்டும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. சாசேஜ், சலாமி போன்றவற்றை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு விடுவதால் நன்மை உண்டு.

வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். தனியாகச் சமைக்கச் சொல்லலாமா?

ஆண்களுக்குத்தான் சொல்கிறேன். விட்டது நீங்கள், கரண்டியைப் பிடிக்க வேண்டியதும் நீங்கள். முதல் ஆண்டு என் மனைவி எனக்கொரு குழம்பு, பிள்ளைகளுக்கொரு குழம்பு என்று இரட்டை வேலை செய்தார். என் கொள்கையின் சுமை முழுவதும் அவர் தோளில் இருந்தது. அது தெரிய எனக்கு ஓர் ஆண்டு ஆனதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது. பாத்திரத்தைத் தனியாக வைக்கவில்லை. நன்றாகத் தேய்த்தால் போதும்.

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறார்கள். போவதா, வேண்டாமா?

போங்கள். தலைக்கட்டு வரியை முழுதாகக் கொடுங்கள். பங்காளிகளிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு இலையை மறைத்துக்கொண்டு மறுப்பதுதான் மனத்தாங்கலை உண்டாக்கும். வெட்டும் நேரத்தில் நான் கோயிலுக்குப் பின்புறம் போய் நின்றுவிடுவேன். பிறகு வந்து பரிமாறுவேன். சர்க்கரைப் பொங்கலும் தேங்காயும் எனக்குப் போதும். எங்கள் பெரியப்பா முதல் ஆண்டு என்னோடு பேசவில்லை. மூன்றாம் ஆண்டில், எனக்கென்று ஒரு சட்டி தட்டைப்பயற்றுக் குழம்பு வைக்கச் சொல்லியிருந்தார்.

அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போவதும் அப்படித்தான். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் அவர்களுக்கும் சங்கடமில்லை.

ஹோட்டலில் எதைக் கவனிக்க வேண்டும்?

குஸ்காவைப் பலர் சைவம் என்று நினைக்கிறார்கள். பல கடைகளில் அது கறி எடுத்த பிரியாணிச் சோறுதான். பரோட்டாவுக்கு ஊற்றும் வெறும் சால்னாவில் எலும்புச் சாறு இருக்கலாம், மாவில் முட்டை இருக்கலாம். ஃபிரைட் ரைஸை முட்டை போட்ட அதே வாணலியில் புரட்டுவார்கள். இலங்கையில் சம்பல் கேட்டால் மாசிக் கருவாடு போட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டலப் பொருளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். ஜெல்லி மிட்டாய், மருந்துக் கேப்ஸ்யூல் ஆகியவற்றில் விலங்கு ஜெலட்டின் இருக்கலாம். மருந்தை இதற்காக நிறுத்தாதீர்கள்.

மரக்கறி உண்பதுதான் தமிழ்ப் பண்பாடா?

இரண்டும் தமிழ்ப் பண்பாடுதான். புறநானூற்றின் 14ஆம் பாட்டில் கபிலர், தம் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனுக்கு விளக்கும்போது, ஊனும் துவையலும் கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு வேலை அறியாத கை என்கிறார். அதே கபிலரை அந்தணர் என்றும் புறநானூறு பேசுகிறது. பின்னால் வந்த திருக்குறள் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவர்களுக்காக எரிகிறது. அவர் கொல்லாமையைச் சொன்னார். கூடவே சாதியையும் கடுமையாக மறுத்தார். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

‘சைவம் மட்டும்’ என்று எழுதிய வாடகை வீட்டுப் பலகை எதைக் கேட்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் ‘சுத்த சைவம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டேன். அடுத்தவர் தட்டு அசுத்தம் என்று சொல்லாமல் சொல்கிற சொல் அது. ஈழத்தில் வழங்கும் ‘மரக்கறி’ யாரையும் தாழ்த்துவதில்லை. மாட்டிறைச்சியோ கருவாடோ தவிர வேறு புரதம் கைக்கு எட்டாத வீடுகள் உண்டு. அவர்கள் உணவைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

ஒரு நாள் தவறிச் சாப்பிட்டுவிட்டேன். இனி என்ன?

அடுத்த வேளை பருப்பு கடையுங்கள். நான் இரண்டாம் ஆண்டில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, ஆசையாக இருந்தது. அன்றோடு எல்லாம் போயிற்று என்று நினைத்திருந்தால் இத்தனை ஆண்டு தொடர்ந்திருக்க மாட்டேன்.

வீட்டு நாய், பூனைக்கும் மரக்கறிதானா?

நாய் கலப்பு உணவில் வாழும். கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம். பூனையால் முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சி, மீன் போன்ற உணவிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் கெடும். எங்கள் வீட்டுப் பூனைக்குச் சாளை வாங்க வாரம் இருமுறை மீன்கடைக்குப் போவது நான்தான்.